வீட்டுப் பட்டறைக்கு மில்லிங் மிஷின்: கடலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் 12க்கு 14 அடியில் ஒரு ஷெட் இருக்கிறது. அதில் ஒரு சின்ன லேத், ஒரு பெஞ்ச் கிரைண்டர், அப்புறம் சென்னையில் செகண்ட்ஹேண்டாக வாங்கிய ஒரு டர்ரெட் மில்லிங் மிஷின் (சுற்றும் கட்டரால் இரும்பைச் சீவி வடிவமாக்கும் மிஷின்). அது வந்து இறங்கிய அன்று தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அதிலிருந்து கடலூர், பாண்டிச்சேரிப் பக்கத்து ஆட்கள் ஒரே மாதிரியான கேள்விகளோடு போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, எழுதிவைக்கிறேன். நான் பட்டறைக்காரன் இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். ஆகவே கணக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டேபிளைத் தாங்கிக்கொண்டு மேலும் கீழும் போகும் பாகத்தைப் பட்டறைகளில் 'நீ' என்பார்கள். அதை அப்படியே எழுதினால் படிக்கிறவரை அதட்டுவதுபோல் ஆகிவிடும். இங்கே அதை முட்டி என்றே எழுதுகிறேன்.

டிரில்லிங் மிஷினிலேயே கட்டரைப் போட்டு வெட்ட முடியாதா? இத்தனை பெரிய மிஷின் எதற்கு?

முடியாது. டிரில்லிங் மிஷின் மேலிருந்து கீழே அழுத்துவதற்காகச் செய்தது. மில்லிங்கில் பக்கவாட்டில் விசை வருகிறது. டிரில் சக்கின் டேப்பர், அதாவது கூம்புத் தண்டு, வெறும் பிடிப்பில்தான் நிற்கிறது. பக்கவாட்டில் அடி விழுந்தால் சக்கு சுழலும் வேகத்திலேயே கழன்று விழும். ஒருமுறை எனக்கு விழுந்தது. நல்லவேளை, காலில் இல்லை.

உங்களுடையது எந்த வகை?

பிரிட்ஜ்போர்ட் மாடல். 1938இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் பிறந்த அமைப்பு இது. பிறகு உலகம் முழுக்க இதைப் பார்த்துச் செய்தார்கள், நம் நாட்டிலும்தான். இங்கே பழைய மிஷின் கடைகளில் 'எம்1டிஆர்' என்று கேட்டால் இந்த வகையைத்தான் காட்டுவார்கள். எடை கிட்டத்தட்ட ஒரு டன். வீட்டுப் பட்டறைக்கு இதுதான் மேல் எல்லை என்பது என் எண்ணம்.

எச்எம்டி எஃப்என்2 மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிவிடட்டுமா?

அருமையான மிஷின். ஆனால் இரண்டு டன்னுக்கு மேல் எடை. ஏன் மலிவாக விற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள், தூக்க ஆள் இல்லாததால்தான். வீட்டு வாசல் வரை லாரியும் கிரேனும் வரும், ஷெட்டும் ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறது என்றால் வாங்குங்கள். சந்துக்குள் வீடு என்றால் வேண்டாம்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். புதுப் பச்சைப் பெயிண்ட் அடித்த மிஷினைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

டேபிளை நடுவில் நிறுத்தி, ஆட்டம் இல்லாதபடி ஜிப்பை (சறுக்கும் பரப்புகளின் இடைவெளியை அடைக்கும் பட்டையை) இறுக்கச் சொல்லுங்கள். பிறகு கைப்பிடியைச் சுற்றி ஒரு கோடிக்குக் கொண்டுபோங்கள். நடுவில் லேசாகவும் ஓரத்தில் இறுக்கமாகவும் இருந்தால், நடுவில் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, எல்லாப் பழைய மிஷினிலும் இருக்கும். கோடியில் சுற்றவே முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஸ்பிண்டிலின் (கட்டரைப் பிடித்துச் சுழலும் தண்டின்) டேப்பருக்குள் விரலை விட்டுத் தடவினால் கீறல் தெரியும் (மிஷின் ஓடாதபோது, சொல்ல வேண்டியதில்லை). டேபிளில் போல்ட் மாட்டும் பள்ளமான டி-ஸ்லாட்டின் ஓரம் உடைந்திருக்கிறதா, வார்ப்பில் எங்காவது வெல்டிங் போட்டு மேலே பட்டி பார்த்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசியாக மிஷினை ஓடவிட்டு, எல்லாக் கியரிலும் சத்தத்தைக் கேளுங்கள்.

ஸ்குரூவில் பேக்லாஷ் இருக்கும், அதாவது கைப்பிடியைத் திருப்பிச் சுற்றும்போது டேபிள் நகராமல் வீணாகும் கொஞ்சம் சுற்று. டயலில் 0.2 மி.மீ. வரை இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். வெட்டும்போது எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிறுத்திப் பழகிக்கொண்டால் போதும்.

இடம் எவ்வளவு வேண்டும்?

மிஷினின் அகலத்தை அளந்துவிட்டு "இடிக்காது" என்று சொல்கிறவர்கள் நிறைய. டேபிள் நகரும் என்பதை மறந்துவிடுகிறார்கள். என் டேபிள் 42 அங்குலம். இடமிருந்து வலம் 28 அங்குலம் போகிறது. ஆக டேபிள் தொடுகிற மொத்த நீளம் 70 அங்குலம். இரண்டு பக்கக் கைப்பிடிக்கும், அதைச் சுற்றும் கைக்கும் இடம் விட்டால் சுவருக்குச் சுவர் எட்டரை அடியாவது வேண்டும். பின்னால் ராம் (மிஷினின் உச்சியில் முன்னும் பின்னும் நகரும் இரும்புக் கை) நீண்டு வரும், அதற்கு ஒன்றரை அடி. முன்னால் நீங்கள் நிற்க மூன்று அடி.

இடம் இறுக்கமாக இருந்தால் மிஷினை மூலையில் சாய்வாக, சுவருக்கு 45 டிகிரியில் வையுங்கள். என் ஷெட்டில் அப்படித்தான் நிற்கிறது. கனமான பொருள் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம். அளந்து பார்த்தால் என் கணக்கும் தென்மேற்கு மூலைக்கே வந்தது. வாஸ்துவும் ஜியாமெட்ரியும் ஒத்துப்போன அபூர்வ நாள் அது.

முதல் மாடியில் வைக்கலாமா?

கூடாது. வீட்டு மாடித் தளத்துக்கு இந்தியத் தரவிதி ஐஎஸ் 875 எடுத்துக்கொள்ளும் சுமை ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. என் மிஷினின் அடித்தளம் 60க்கு 90 செ.மீ., அதாவது அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதன்மேல் ஒரு டன் என்றால் சதுர மீட்டருக்கு 1,850 கிலோ வருகிறது. ஒன்பது மடங்கு. "எங்க வீடு அந்தக் காலத்துக் கட்டடம் சார், யானையே ஏறினாலும் தாங்கும்" என்றார் பாண்டிச்சேரி நண்பர் ஒருவர். யானை நான்கு காலில் நின்று, பிறகு இறங்கிப் போய்விடும்.

தரை எப்படி இருக்க வேண்டும்? தனி ஃபவுண்டேஷன் வேண்டுமா?

நம் பக்கம் நிறைய இடத்தில் மணல்தான். மணல் கெட்டது இல்லை; நன்றாகத் தண்ணீர் விட்டு அமுக்கிவிட்டால் களிமண்ணைவிட நம்பகமானது. மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கும் களிமண்தான் லெவலைக் கெடுக்கும்.

நான் செய்தது இது. பழைய தரையைப் பெயர்த்து, மணலில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி இடித்து, 4 அங்குலத்துக்கு ஜல்லிக் கலவை போட்டு, அதன்மேல் 8 மி.மீ. கம்பி வலை கட்டி 6 அங்குலம் எம்20 கான்கிரீட். ஒரு டன் மிஷினுக்கு இது அதிகம் என்றார் கொத்தனார். உண்மைதான். ஏற்கெனவே நல்ல 4 அங்குலக் கான்கிரீட் தரை இருந்தால் அதுவே தாங்கும். எனக்கு வேறு காரணம் இருந்தது, வெள்ளம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

டைல்ஸ் மேல் மட்டும் வைக்காதீர்கள். டைல்ஸுக்கு அடியில் எங்கே வெற்றிடம் இருக்கிறது என்பது மிஷின் ஏறிய பிறகுதான் தெரியும். கான்கிரீட் போட்டால் ஒரு வாரமாவது தண்ணீர் காட்டி, 28 நாள் பொறுங்கள். மிஷினை வாங்கிவிட்டுத் தரை போடாமல், தரை போட்டுவிட்டு மிஷின் தேடுவது நிம்மதி.

குட்டி யானையில் ஏற்றி வரலாமா?

டாடா ஏஸ் வண்டிக்காரர்கள் எதற்கும் "ஏத்திடலாம் சார்" என்பார்கள். அதன் சுமைத்திறன் 750 கிலோ. மிஷின் ஒரு டன். அதுவும் உயரமாக, தலை கனமாக நிற்கிற ஒரு டன். திண்டிவனம் ரோட்டில் ஒரு பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நான் டாடா 407 எடுத்தேன். மிஷினைத் தட்டின் நடுவில், கேபினை ஒட்டி நிறுத்தி, நான்கு மூலைக்கும் ராட்செட் பெல்ட் போட்டோம். பெல்ட்டை மிஷினின் தூண்போன்ற உடலிலோ (பட்டறையில் 'காலம்' என்பார்கள்) ராமிலோ போட வேண்டும். டேபிளிலும் கைப்பிடியிலும் போட்டால் ஸ்குரூ வளையும்.

மிஷினைப் பயணத்துக்கு எப்படித் தயார் செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

இந்த மிஷினின் மோட்டாரும், ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்டும் உச்சியில், முன்பக்கமாகத் துருத்திக்கொண்டு இருக்கின்றன. அப்படியே நகர்த்தினால் முன்னால் கவிழத் தயாராக இருக்கும். ஆகவே முதலில் டேபிள்மேல் இரண்டு கட்டைகளை அடுக்கி, முட்டியை உயர்த்தி ஹெட் அதன்மேல் இலேசாக உட்காரும்படி செய்து, பின்னுக்கு ராமைத் தள்ளி இறுக்குவது ஒரு முறை. இன்னொரு முறை, ஹெட்டின் நான்கு போல்ட்டையும் தளர்த்தி, வார்ம் போல்ட்டைச் சுற்றி, மோட்டார் கீழே வரும்படி ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பிவிடுவது. அதற்குமுன் முட்டியை முழுக்க இறக்கி, டேபிளை ஒதுக்கி, மோட்டாருக்கு வழி விடவேண்டும். இரண்டாவது முறையில் எடைமையம் நன்றாகக் கீழே வரும், உயரமும் குறையும். ஏழு அடி வாசலில் நுழையாத மிஷின் நுழைந்துவிடும். நான் செய்தது இரண்டாவது. போல்ட்டைத் தளர்த்தும்போது ஹெட்டை ஒருவர் பிடித்தே இருக்க வேண்டும். தளர்த்துங்கள், கழற்றாதீர்கள்.

பிறகு எல்லா லாக்கையும் இறுக்குங்கள். கைப்பிடிகள், வைஸ், கழலக்கூடிய எதுவானாலும் கழற்றித் தனிப் பெட்டியில் போடுங்கள். கட்டரை ஸ்பிண்டிலுக்குள் இழுத்துப் பிடிக்கும் நீளப் போல்ட்டான டிராபாரை எடுத்து, ஸ்பிண்டில் வாயில் எண்ணெய் நனைத்த துணியை அடையுங்கள். மோட்டார் வயரைப் பிரிக்கும் முன்பு டெர்மினலை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது, நாலு பக்கமும் எடுங்கள்.

எங்கள் கிரேன்காரர் பெல்ட்டைப் போட்ட அவசரத்தில் டேபிளுக்கு எண்ணெய் போகும் மெல்லிய செம்புக் குழாய் நசுங்கிவிட்டது. தூக்கும் முன்பு பெல்ட் போகும் பாதை முழுவதையும் விரலால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தப்பு அவர்மேல் பாதி, பார்த்துக்கொண்டு நின்ற என்மேல் பாதி.

பாகம் பாகமாகக் கழற்றிக் கொண்டுவந்தால் சுலபம்தானே?

கழற்றுவது சுலபம். ஹெட்டையும் டேபிளையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் காலத்தை ஆட்கள் சமாளிப்பார்கள் என்பது சரிதான். வேறு வழியே இல்லாத வீடுகளுக்கு அதுதான் வழி. ஆனால் ஒவ்வொரு பாகமும் தனியாகவே இரண்டு மூன்று ஆள் எடை. உரசித் தேய்த்து உட்காரவைத்த பரப்புகளில் ஒரு கீறல் விழுந்தால் அது ஆயுளுக்கும் தொல்லை. முழுசாகக் கொண்டுவர முடியும் என்றால் முழுசாகவே கொண்டுவாருங்கள்.

பாண்டிச்சேரி வழியாக வந்தால் பேப்பர் கேட்பார்களா?

கேட்கலாம். சென்னையிலிருந்து ஈசிஆரில் கடலூர் வந்தால் தமிழ்நாட்டிலிருந்து புதுச்சேரிக்குள் நுழைந்து, முள்ளோடையில் மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறோம். நமக்கு அது வீதி மாறுவதுபோல. சட்டத்துக்கு அது மாநில எல்லை. பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். விலை 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் விற்கிறவரிடமே இ-வே பில்லும் போட்டு வாங்கிவிடுங்கள். டிரைவர் கையில் ஒரு பிரதி, உங்கள் போனில் ஒரு பிரதி.

வாசலில் இறக்கியாகிவிட்டது. சந்துக்குள் எப்படிக் கொண்டுபோவது?

உருட்டித்தான். கோயில் கல்லையெல்லாம் நகர்த்திய அதே முறை.

ஒன்றரை அங்குல ஜிஐ பைப், 'சி' கிளாஸ், ஒரே சைஸில் ஐந்து துண்டு. நீளம் மிஷினின் அடித்தள அகலத்தைவிட ஒரு அடி கூட. கடப்பாரையால் ஒரு ஓரத்தை நெம்பித் தூக்கி, பைப்பை உள்ளே தள்ளுங்கள். எப்போதும் மூன்று பைப்பாவது மிஷினுக்கு அடியில் இருக்க வேண்டும். பின்னால் வெளியே வரும் பைப்பை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். திருப்ப வேண்டும் என்றால் முன்பைப்பைச் சுத்தியலால் தட்டிச் சாய்த்தால் போதும், மிஷின் தானாகத் திரும்பும். பைப்பைக் கையால் ஒதுக்க நினைக்காதீர்கள், காலாலும்தான். அது கட்டையும் சுத்தியலும் செய்யவேண்டிய வேலை.

தரை மண்ணாக இருந்தால் பைப் புதையும். நாங்கள் ஒரு பழைய இரும்பு ஷீட்டையும், 18 மி.மீ. பிளைவுட் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே 40 அடி போனோம். மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் சாக்கடை வந்தது. எல்லாத் தெருவிலும் இருக்கிற மாதிரி, மேலே கற்பலகை போட்டு மூடியது. ஸ்கூட்டர் போகும் கல்லில் ஒரு டன் மிஷின் போகும் என்று நம்பக் கூடாது. கல்லை எடுத்துவிட்டு, இரண்டு கரைக்கும் குறுக்கே சி-சேனல் இரண்டு போட்டு, மேலே 10 மி.மீ. பிளேட் போட்டுக் கடந்தோம். சேனலையும் பிளேட்டையும் செம்மண்டலம் தொழிற்பேட்டையில் தெரிந்தவரிடம் இரவல் வாங்கினேன்.

சரிவில் இறக்கும்போது முன்னாலிருந்து பிடிக்கக் கூடாது. பின்னால் மரத்திலோ தூணிலோ செயின் புல்லியைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இறக்குங்கள். மிஷின் சாயத் தொடங்கினால் பிடிக்கவே பிடிக்காதீர்கள், ஓடிவிடுங்கள். இதை எல்லோரிடமும் தொடங்கும் முன்பே சத்தமாகச் சொல்லுங்கள். மனிதனின் கை தன்னிச்சையாகப் போய்ப் பிடிக்கும்.

எத்தனை பேர் வேண்டும்?

நான்கு பேர். அதில் ஒருவர் பேச வேண்டும், மூவர் கேட்க வேண்டும். எட்டு பேர் வந்தால் எட்டு பேரும் பேசுவார்கள். நெய்வேலியில் சுரங்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டர் அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டு வந்தேன். அவர் சொன்ன சொல்லுக்கு மறுசொல் இல்லை. "மெதுவா... நில்லு... கட்டையைப் போடு" என்று மூன்றே வாக்கியத்தில் வேலையை முடித்தார்.

ஷெட் உத்தரத்தில் செயின் புல்லி மாட்டித் தூக்கலாமா?

ஷீட் போட்ட ஷெட்டின் உத்தரம் ஷீட்டைத் தாங்கத்தான். போர் மோட்டார் தூக்குகிறவர்களிடம் மூன்று கால் ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைக்கும். அதன் தாங்குதிறனைக் கேட்டுவிட்டு எடுங்கள். கால்கள் விலகாதபடி கயிற்றால் பிணைத்துக் கட்டுங்கள்.

வீட்டில் சிங்கிள் பேஸ்தான். மோட்டார் த்ரீ பேஸ். என்ன செய்ய?

இரண்டு வழி. மின்வாரியத்தில் த்ரீ பேஸ் இணைப்புக்கு எழுதிக்கொடுப்பது ஒன்று. புதுச்சேரி என்றால் அங்கே அரசின் மின்துறை. சம்பாதிப்பதற்காக ஓட்டினால் கட்டண வகையே மாறும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மற்றது விஎஃப்டி என்ற மின்னணுப் பெட்டி. நான் எடுத்தது இதைத்தான்.

விஎஃப்டி 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி, 230 வோல்ட் த்ரீ பேஸாகத் தரும். ஆனால் மோட்டாரின் தகட்டில் 415 வோல்ட், ஸ்டார் என்று இருக்கும் (மோட்டாரின் மூன்று காயிலை இணைக்கும் ஒரு முறை ஸ்டார், இன்னொன்று டெல்டா). இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 415ஐ மூன்றின் வர்க்கமூலமான 1.732ஆல் வகுத்துப் பாருங்கள், 240 வரும். ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது அந்த 240தான். ஆக அதே மோட்டாரை டெல்டாவில் மாற்றிக் கட்டினால் 230 வோல்ட்டில் நன்றாக ஓடும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் பட்டியை மாற்றிப் போடுவதோடு வேலை முடிந்தது. மூன்றே முனை வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள் புதைந்திருக்கிறது. மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்து வெளியே எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். தகட்டிலேயே 415 டெல்டா என்று இருந்தால் இந்த வித்தை பலிக்காது.

3 ஹெச்பி மோட்டாருக்கு 2.2 கிலோவாட் விஎஃப்டி. சிங்கிள் பேஸ் பக்கம் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால், மீட்டரிலிருந்து தனி வயர், தனி எம்சிபி. சமையலறை பிளக்கிலிருந்து எடுக்கும் யோசனை வேண்டாம். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய டிரம் சுவிட்சை வைக்காதீர்கள். ஓடும்போது அதைத் திருப்பினால் விஎஃப்டி போய்விடும். ஸ்டார்ட், ஸ்டாப், ரிவர்ஸ் மூன்றையும் விஎஃப்டியின் கன்ட்ரோல் முனைகளிலேயே கட்டுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஸ்டார்ட் ஆகாதபடி செட் செய்யுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் கட்டர் வேலைக்குள் நிற்கும்போது கரண்ட் போகும், மதியம் நீங்கள் டேபிளைத் துடைக்கும்போது வரும்.

வேகத்தைக் குறைக்கலாம் என்பதற்காக 10 ஹெர்ட்ஸில் ஓட்டாதீர்கள். மோட்டாரின் ஃபேனும் அதே அளவு மெதுவாகச் சுற்றும், சூடு ஏறும். மெதுவான வேலைக்குப் பேக் கியர் இருக்கிறது. அதைப் போட்டால் ஸ்பிண்டில் எதிர்ப்பக்கம் சுற்றும். பயப்பட வேண்டாம், மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டினால் சரி.

எர்த்தை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். நம் மண்ணில் ஈரம் உண்டு, எர்த் நன்றாகப் பிடிக்கும். அதே உப்பு ஈரம் ஜிஐ பைப்பை அரித்தும்விடும்.

லெவல் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் போதுமா?

தொடக்கத்துக்குப் போதும். லேத்துக்கு லெவல் உயிர், ஏனென்றால் அதன் நீளமான பெட் முறுக்கிக்கொள்ளும். மில்லிங் மிஷினின் காலம் ஒரே கனத்த வார்ப்பு, அவ்வளவு சுலபத்தில் முறுக்காது. ஆனால் நான்கு காலும் தரையில் சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று கால் உட்கார்ந்து நான்காவதில் ஒரு பேப்பர் நுழைந்தால், அந்த இடைவெளிக்கு ஏற்ற ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். போல்ட்டை இறுக்கி இழுத்து உட்காரவைக்காதீர்கள். மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக் காட்டும் மாஸ்டர் லெவல் யாராவது இரவல் கொடுத்தால் டேபிள்மேல் இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். அதற்காக ஒன்றை விலைக்கு வாங்குவது வீண்.

டிராம் செய்வது என்றால் என்ன?

ஸ்பிண்டில் டேபிளுக்கு மிகச் சரியான செங்குத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பி வந்தோம் அல்லவா, அதனால் கட்டாயம் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் வெட்டிய பரப்பு மீன் செதில்போல் படிப்படியாக இருக்கும்.

எண்ணெய்க்கல்லால் டேபிளை லேசாகத் தேய்த்து மேடுகளை எடுத்துவிடுங்கள். ஸ்பிண்டிலில் ஒரு கம்பி பிடித்து, அதன் நுனியில் 0.01 மி.மீ. டயல் கேஜை மாட்டி, சுமார் 250 மி.மீ. விட்டமுள்ள வட்டமாகக் கையால் சுற்றுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, இடது பக்கம், வலது பக்கம் ரீடிங் பாருங்கள். வித்தியாசத்தில் பாதியைத் திருத்தி, மறுபடி பாருங்கள். முழு வித்தியாசத்தையும் ஒரே தடவையில் திருத்தப் போனால் எதிர்ப்பக்கம் தாண்டிவிடும், ராத்திரி முழுக்க ஊஞ்சல்தான். அப்புறம் முன்னும் பின்னும். டி-ஸ்லாட்டைக் கடக்கும்போது கேஜின் முனையைத் தூக்கிக்கொள்ளுங்கள். நான்கு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஏனென்றால் இறுக்கும்போதே ரீடிங் மாறும். 0.02க்குள் வந்தால் எனக்குத் திருப்தி. முதல் முறை இரண்டரை மணி நேரம் பிடித்தது, இப்போது 20 நிமிடம்.

பிறகு வைஸை மாட்டி, நகராத தாடையின் முகத்தில் அதே கேஜை ஓட்டி நேராக்குங்கள். அவ்வளவுதான்.

துருவுக்கு என்ன செய்கிறீர்கள்?

எடை ஒரு நாள் பிரச்சினை. உப்புக் காற்று நீங்களும் மிஷினும் இருக்கும் வரைக்கும். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் இன்னும் மோசம். ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும்.

முதல் வருஷம் பளபளவென்று பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினேன். தை மாதக் காலையில் திறந்து பார்த்தால் உள்ளே வியர்த்துக்கிடந்தது, டேபிள்மேல் காபிக் கறைபோல் துரு. இரவில் இரும்பு குளிர்ந்துவிடுகிறது. காலையில் ஈரக் காற்று சூடாகி உள்ளே வரும்போது அந்தக் குளிர்ந்த இரும்பில் நீராகப் படிகிறது. பிளாஸ்டிக் அதை வெளியேற விடுவதில்லை. இப்போது பழைய பருத்தி வேட்டிதான் கவர். டேபிள்மேல் விஜி 68 ஸ்லைடுவே எண்ணெய் தடவி, அதே எண்ணெயில் நனைத்த துணியைப் போட்டு, மேலே வேட்டி. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத்தான் நல்லது, வாரக்கணக்கில் காக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கவருக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்ப் எரியும். துணியில் படாமல் கூண்டு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். இரும்பு சுற்றுக்காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக இருந்தால் நீர் படியாது.

கடல் பக்கத்து ஜன்னலை மாலையில் சாத்திவிடுவேன். வியர்வைக் கையும் துருதான். சிலருக்கு விரல் ரேகை அப்படியே டேபிளில் பதியும், எனக்குப் பதிகிறது.

வெள்ளம் வந்தால்?

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல், அது முடிந்த கையோடு தென்பெண்ணை வெள்ளம். இந்த ஊரில் ஷெட் போடுகிறவன் மழையை விருந்தாளியாக நினைக்கக் கூடாது, குடித்தனக்காரனாக நினைக்க வேண்டும். தரையைத் தெருவைவிட ஒன்றரை அடி உயர்த்தியது அதற்குத்தான். தூக்கிப் போட்ட தரை என்பதால்தான் கம்பி வலையும் கனத்த கான்கிரீட்டும். இந்த மிஷினில் மோட்டார் உச்சியில் இருப்பது நமக்கு ஒரு வரம். விஎஃப்டியைச் சுவரில் ஐந்து அடி உயரத்தில் மாட்டுங்கள். எச்சரிக்கை வந்தால் முட்டியை மேலே ஏற்றி, அடியிலுள்ள கூலன்ட் தொட்டியைக் காலி செய்து, அதன் பம்பைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துவந்துவிடுவேன். பதினைந்து நிமிட வேலை.

அக்கம்பக்கத்தில் சண்டை வராதா?

குடியிருப்புப் பகுதிக்குச் சட்டப்படி பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. மில்லிங் மிஷின் பெரிதாகக் கத்தாது. கட்டர் மழுங்கியிருந்தால்தான் கத்தும். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஓட்டுவதில்லை, பக்கத்து வீட்டுப் பாட்டி தூங்கும் நேரம். அவர் வீட்டுக் கேட்டின் கீல் ஒன்றைச் செய்துகொடுத்தபிறகு அந்தத் தொல்லையும் இல்லை.

லுங்கியோடு வேலை செய்யலாமா?

கூடாது. கையுறையும் கூடாது, சுற்றும் கட்டர் அதைப் பிடித்துக் கையோடு இழுக்கும். மோதிரம், காசிக்கயிறு, முழுக்கைச் சட்டை எல்லாம் வெளியே. கண்ணாடி கட்டாயம். டிராபார் ஸ்பேனரை உச்சியில் விட்டுவிட்டு ஸ்டார்ட் பட்டனை அமுக்காதீர்கள். பிசிறைத் தள்ளப் பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைக்கு?

பூஜை போடலாம், தாராளமாக. சந்தனமும் குங்குமமும் பெயிண்ட் அடித்த இடத்தில் மட்டும். முதல் வருஷம் என் மனைவி டேபிள் நடுவில் மூன்று பொட்டு வைத்துவிட்டார். இன்றும் மூன்று வட்டம் அழியாமல் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தை அறுத்து டேபிள்மேல் வைப்பது அதைவிட மோசம். அமிலம், ஒரே இரவில் இரும்பில் கறுப்பாக ஊறிவிடும். எங்கள் வீட்டில் இப்போது எலுமிச்சைக்குத் தரையில் இடம்.

முதலில் என்ன வெட்டினீர்கள்?

டி-நட். வைஸை இரவல் நட்டில் இறுக்கிக்கொண்டு, என் டேபிளின் ஸ்லாட்டுக்கென்று நாலு டி-நட் வெட்டினேன். மூன்று சரியாக வந்தது. நாலாவதில் பேக்லாஷை மறந்து கைப்பிடியைத் திரும்பச் சுற்றி, கழுத்தில் அரை மில்லி அதிகமாக எடுத்துவிட்டேன். அது இன்னும் டிராயரில்தான் கிடக்கிறது.